மரம் வீங்குவதும் வளர்வதும்: மலையகச் சரிவுகளில் தண்டு உணரி பொருத்தி அளக்கும் முறை

ஜனவரி நடுப்பகுதியில் இலங்கை மலையகத்தின் தேயிலை மலையொன்றில் நிற்கும் சவுக்கு மரத்தின் சுற்றளவை நாடாவால் அளந்து குறித்துக்கொண்டு, மழையற்ற ஆறு வாரங்கள் கழிந்த பின் அதே இடத்தில் மீண்டும் அளந்தால், இரண்டாவது அளவு முதலாவதைவிடக் குறைவாக இருக்கக்கூடும். அளந்தவர் தவறு செய்யவில்லை, மரத்துக்கும் நோயில்லை. பட்டையிலும் அதன் உட்புறத்து உயிருள்ள இழையங்களிலும் தேங்கியிருந்த நீரின் ஒரு பகுதி இலைகளுக்கு ஏறி ஆவியாகிவிட்டது. தண்டு உணரி, அதாவது தண்டு பருப்பதையும் சுருங்குவதையும் அளக்கும் கருவி, பொருத்த விரும்புகிறவர் முதலில் மனத்தில் இருத்த வேண்டியது இதுதான்: கருவி காட்டுவது தண்டின் பருமனை மட்டுமே, அந்தப் பருமனுக்குள் கட்டையும் இருக்கிறது, நீரும் இருக்கிறது, இரண்டையும் பிரித்தறிவது அளப்பவரின் வேலை. கீழே சொல்லப்படும் ஒவ்வொரு படியும் அந்தப் பிரிப்பைச் சரியாகச் செய்வதற்கே.

சவுக்கு என்ற பெயரைப் பற்றி ஒரு சொல். தமிழ்நாட்டில் அப்பெயர் கடற்கரையோரங்களில் வளரும் வேறொரு மரத்தைக் குறிக்கும். நமது தோட்டங்களில் அது அவுஸ்திரேலியாவின் கிழக்குப் பகுதியிலிருந்து வந்து தேயிலைக்கு நிழல் தரும் கிரவில்லியா மரத்தின் பெயர். இங்கும் அந்தப் பொருளிலேயே பயன்படுத்துகிறேன்.

குளிர்காலம் உள்ள நாடுகளில் மரம் ஆண்டுக்கொரு முறை வளர்ச்சியை நிறுத்துவதால், கட்டையில் ஆண்டு வளையம் தெளிவாக விழுகிறது. வெட்டிப் பார்த்தோ துளைத்தெடுத்தோ எண்ணிவிடலாம். பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 7 பாகையில் இருக்கும் நமது மலைகளில் அந்த வசதி இல்லை. கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் புல்வெளியில் உறைபனி படிவதுண்டு. ஆனால் அது சில இரவுகளின் குளிரே தவிர, மரத்தை மாதக்கணக்கில் உறங்கவைக்கும் குளிர்காலம் அல்ல. ஆகவே இங்குள்ள பல மரங்களில் வளையங்கள் மங்கலாக இருக்கும், அல்லது ஓர் ஆண்டில் ஒன்றுக்கு மேல் விழும், அல்லது விழவே விழாது. எந்த மாதத்தில் மரம் பருத்தது, எந்த மாதத்தில் நின்றது என்பதை அறிய, நிற்கும் மரத்தின் மேலேயே அளவெடுக்க வேண்டியிருக்கிறது.

எந்தப் பருவம், எந்தச் சரிவு

கருவியை வாங்குவதற்கு முன் மரம் நிற்கும் இடத்தின் மழைக் கணக்கை அறிந்துகொள்ள வேண்டும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றும், டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வடகிழக்குப் பருவக்காற்றும் வீசுகின்றன. மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் இடைப்பருவ மழை, பெரும்பாலும் பிற்பகல் இடியோடு, பெய்கிறது. இது பாடப்புத்தகத்தில் உள்ளதுதான். ஆனால் மலைத்தொடரின் எந்தப் பக்கத்தில் நிற்கிறோம் என்பதைப் பொறுத்து இந்த நாட்காட்டி தலைகீழாகிறது. ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கும் மேல் மழை பெறும் வட்டவளை, கினிகத்தேனைப் பக்கத்து மரங்கள் ஜூன் மாதத்தில் நாள் முழுவதும் நனைந்துகொண்டிருக்கும்போது, மலைக்கு அப்பால் பண்டாரவளையிலும் பதுளையிலும் நிற்கும் மரங்கள் கச்சான் காற்றில் வாடிக்கொண்டிருக்கும். ஊவாவின் தேயிலை அந்த வறண்ட காற்றில்தான் தனக்குரிய மணத்தைப் பெறுகிறது என்பது தோட்டத்தில் எல்லோரும் அறிந்த விடயம். அதே காற்றில் அருகிலுள்ள மரத்தின் தண்டு சுருங்குவதை உணரி காட்டும்.

இதனால் வளர்ச்சி ஆண்டை ஜனவரி முதலாம் திகதியில் தொடங்குவதில் பொருளில்லை. தண்டின் கோடு தட்டையாகக் கிடக்கும் வறண்ட வாரங்களையே ஆண்டின் எல்லையாகக் கொள்ளுவது நல்லது. மேற்குச் சரிவில் அது பெரும்பாலும் பெப்ரவரி, மார்ச் தொடக்கம். ஊவாப் பக்கத்தில் ஓகஸ்டை ஒட்டிய வாரங்கள். கருவியை அந்த வறண்ட காலத்துக்கு இரண்டு மாதங்கள் முன்னதாகவே பொருத்திவிட்டால், அது மரத்தோடு இணங்கிய பிறகு தூய அடிக்கோடு ஒன்று கிடைக்கும்.

மழை மாதமே வளர்ச்சி மாதம் என்று முன்கூட்டியே முடிவுசெய்துவிடவும் கூடாது. மேற்குச் சரிவுகளில் ஜூன், ஜூலை மாதங்களில் நாட்கணக்கில் மூடுபனி விலகாது. தண்டில் நீர் நிறைந்திருக்கும், ஆனால் இலைக்கு ஒளி போதாது. அத்தகைய வாரங்களில் மரம் பருக்கிறதா, வெறுமனே நீர் நிறைந்து நிற்கிறதா என்ற கேள்விதான் இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது.

வளைய உணரியும் புள்ளி உணரியும்

தண்டு உணரிகள் இரண்டு வகையின. முதலாவது வளைய உணரி: துருப்பிடிக்காத உருக்கினாலான மெல்லிய பட்டியொன்று தண்டைச் சுற்றி ஓடும், அதன் ஒரு முனை மறுமுனையின் மேல் படிந்திருக்க, சுருள்வில் ஒன்று இரண்டையும் இழுத்துப் பிடித்திருக்கும். மரம் பருக்கும்போது பட்டியில் வெட்டப்பட்ட சாளரத்தின் இடைவெளி அகலும். அந்த இடைவெளியை மாதம் ஒருமுறை எண்ணியல் இடுக்கிமானியால் அளந்தால் போதும், மின்சாரம் வேண்டாம். இடைவெளி கூடுவது சுற்றளவு கூடுவதாகும்; விட்டம் வேண்டுமானால் 3.1416ஆல் வகுக்க வேண்டும். இடைவெளி 6.28 மில்லிமீற்றர் அகன்றிருந்தால் விட்டம் 2 மில்லிமீற்றர் கூடியிருக்கிறது. இந்த வகுத்தலை மறந்து, சுற்றளவை விட்டமென்று எழுதிவைத்த அட்டவணைகளை நான் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் கண்டிருக்கிறேன். எந்த அளவு என்பதை ஒவ்வொரு நிரலின் தலைப்பிலும் எழுதிவிடுவதே இதற்கு மருந்து.

இரண்டாவது புள்ளி உணரி: கட்டைக்குள் ஆழமாகச் செருகப்பட்ட உருக்குத் தண்டுகளின் மேல் ஒரு சட்டம் நிற்கும், சட்டத்திலிருந்து நீளும் ஊசி பட்டையை மெதுவாகத் தொட்டுக்கொண்டிருக்கும். உள்ளே இருக்கும் முதிர்ந்த கட்டை அசையாது. வெளியே பட்டையும், பட்டைக்கும் கட்டைக்கும் இடையில் புதிய கட்டையை உண்டாக்கும் மெல்லிய படையான மாறிழையமும் அசையும். இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை ஊசி நகர்த்தும் மாறுதடையமோ (நகர நகர மின்தடை மாறும் உறுப்பு) வேறு மின்னணு உணரியோ பதிவுசெய்யும். இது ஆரையில், ஒரே ஒரு புள்ளியில், மைக்ரோமீற்றர் அளவில் பேசும். பகலில் சுருங்கி இரவில் வீங்கும் தண்டின் நாளாந்த மூச்சைக் காண இதுவே வழி.

என் கருத்தில், ஒரே ஒரு விலையுயர்ந்த புள்ளி உணரியை வாங்கி ஒற்றை மரத்தில் பொருத்தி, அதிலிருந்து மலை முழுவதையும் பற்றிப் பேசுவதைவிட, பத்துப் பதினைந்து மரங்களில் வளைய உணரிகளைப் பொருத்தி, அவற்றுள் மூன்றில் மட்டும் புள்ளி உணரிகளையும் சேர்ப்பது பயனுள்ளது. வளையங்கள் மரத்துக்கு மரம் உள்ள வேறுபாட்டைச் சொல்லும். புள்ளிகள் நாளுக்கு நாள் நடப்பதைச் சொல்லும். ஒரே வகை மரத்தில் குறைந்தது ஐந்து இல்லாமல் அந்த வகையைப் பற்றி எதுவும் சொல்ல நான் துணியமாட்டேன்.

வளையப் பட்டிக்கு இரண்டு குறைகள் உண்டு. முதலாவது, புதிதாகப் பொருத்திய பட்டி மரத்தோடு ஒட்டிப் படிய வாரங்கள், சில வேளை மாதங்கள் ஆகும். அதுவரை அது வளர்ச்சியைக் குறைத்தே காட்டும். ஆகவே முதல் மூன்று மாத அளவுகளைக் குறித்துவைத்தாலும் கணக்கில் சேர்க்கக் கூடாது. இரண்டாவது, உருக்கும் வெயிலில் நீளும். துருப்பிடிக்காத உருக்கு ஒரு பாகை செல்சியஸுக்கு மீற்றருக்கு ஏறத்தாழ 17 மைக்ரோமீற்றர் விரிகிறது. 30 சென்ரிமீற்றர் விட்டமுள்ள மரத்தைச் சுற்றிய 94 சென்ரிமீற்றர் பட்டி, அதிகாலைக்கும் நண்பகலுக்கும் இடையே 12 பாகை வேறுபாட்டில் ஏறத்தாழ 190 மைக்ரோமீற்றர் நீளும். விட்டமாக மாற்றினால் 60 மைக்ரோமீற்றர். நல்ல வெயில் நாளொன்றில் தண்டு உண்மையாகவே சுருங்கும் அளவோடு ஒப்பிடத்தக்கது இது. எனவே கையால் அளப்பவர் எப்போதும் ஒரே நேரத்தில், விடியற்காலையில், வெயில் மரத்தில் விழுவதற்கு முன் அளக்க வேண்டும். தண்டு இரவில் நீர் நிரம்பி விரிந்திருக்கும் நேரமும் அதுவே என்பதால், ஒரே வழக்கம் இரண்டு பிழைகளையும் குறைக்கிறது. பெரட்டு (காலை ஆள் கணக்கெடுப்பு) முடிந்து வேலையாட்கள் மலை ஏறும் நேரத்துக்குள் அளந்து முடித்துவிடுவது நடைமுறையில் வசதியானது.

மரத்தையும் இடத்தையும் தெரிவுசெய்தல்

முதலில் அனுமதி. தோட்ட மரமாயின் தோட்ட முகாமையாளரிடம் எழுத்தில் கேட்க வேண்டும். ஒதுக்கக் காடாயின் வனப் பாதுகாப்புத் திணைக்களத்திடமும், 1988இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட ஹோர்டன் சமவெளி போன்ற இடமாயின் வனஜீவராசிகள் திணைக்களத்திடமும் கேட்க வேண்டும். ஆணி ஒன்றை அடிப்பதற்கும் அனுமதி தேவை என்பதை இளைய மாணவர்கள் நம்ப மறுக்கிறார்கள், நம்பத்தான் வேண்டும்.

அளக்கும் உயரம் உலகெங்கும் வழக்கிலுள்ள 1.3 மீற்றர். மலையகத்தில் சமதரையில் நிற்கும் மரம் அரிது. சரிவில் நிற்கும் மரத்துக்கு அந்த உயரத்தை மேட்டுப் பக்கத்து நிலத்திலிருந்து அளக்க வேண்டும். அந்த உயரத்தில் முடிச்சோ, பழைய கிளை வெட்டின் தழும்போ, கொடியோ இருந்தால் சற்று மேலே நகர்த்தி, நகர்த்திய உயரத்தை எழுதிவைக்க வேண்டும். மரத்தில் சிறிய வண்ணக் கோடு ஒன்று இட்டுவைத்தால், கருவி கழன்று விழுந்தாலும் அதே இடத்துக்குத் திரும்பலாம்.

சரிவு இன்னொரு சிக்கலையும் கொண்டுவருகிறது. சாய்ந்து நிற்கும் மரம் தன்னை நிமிர்த்திக்கொள்ள ஒரு பக்கத்தில் தனிவகைக் கட்டையை அதிகமாக உண்டாக்கும்: பைன் போன்ற ஊசியிலை மரங்கள் கீழ்ப்பக்கத்திலும், சவுக்கு, யூக்கலிப்டஸ் போன்ற அகன்ற இலை மரங்கள் பெரும்பாலும் மேற்பக்கத்திலும். நான் முதன்முதலில் பொருத்திய புள்ளி உணரியை, எட்டுவதற்கு வசதியாக இருந்தது என்ற ஒரே காரணத்துக்காக, பைன் மரமொன்றின் பள்ளத்துப் பக்கத்தில் பொருத்தினேன். அருகிலிருந்த மற்ற மரங்களின் வளையங்களோடு ஒப்பிட்டபோது அது மட்டும் வியப்பூட்டும் வேகத்தில் பருத்துக்கொண்டிருந்தது. ஓர் ஆண்டுத் தரவு வீணாயிற்று. மேட்டுப் பக்கத்தையும் பள்ளத்துப் பக்கத்தையும் தவிர்த்து, சரிவுக்குக் குறுக்கான பக்கத்தில், சமவுயரக் கோட்டின் திசையில் ஊசியை வைப்பதே முறை.

வெயிலைத் தவிர்க்க வடக்குப் பக்கத்தில் பொருத்துமாறு குளிர்நாட்டுக் கையேடுகள் சொல்லும். நமக்கு அந்த விதி முழுவதும் பொருந்தாது. ஏப்ரல் முதல் செப்டெம்பர் தொடக்கம் வரை நண்பகல் சூரியன் நமது தலைக்கு வடக்கே செல்கிறது. திசையை நம்புவதற்குப் பதிலாக, உணரிக்கு மேல் வெள்ளை நிற மறைப்பு ஒன்றைக் காற்றோட்டம் தடைப்படாதவாறு வைப்பதே பாதுகாப்பு. கிழக்கு வெயில் நேரே அடிக்கும் மலையானால் கிழக்கைத் தவிர்க்கலாம்.

பட்டையைச் சீவுதல், பொருத்துதல்

இந்தப் படியில் பொறுமை வேண்டும், ஏனெனில் இங்கே செய்யும் பிழையைப் பின்னர் எந்தக் கணக்காலும் திருத்த முடியாது. பட்டையின் வெளிப்புறம் இறந்த இழையம். அது வளர்வதில்லை, ஆனால் பஞ்சைப்போல் ஈரத்தை உறிஞ்சி வீங்கும். சாரீரப்பதன் (காற்றிலுள்ள ஈரத்தின் சதவீதம்) நாள் முழுவதும் உயர்ந்தே நிற்கும் இடங்களில் இந்த வீக்கம் மரத்தின் உண்மையான அசைவை மறைத்துவிடும். எனவே ஊசி தொடும் இடத்தில், ஒரு பெருவிரல் அகலத்துக்கு, இறந்த பட்டையைக் கூரிய சிறு கத்தியால் தாள் தாளாகச் சீவ வேண்டும். உயிருள்ள பட்டையின் நிறமாற்றம் தெரியத் தொடங்கியதும் நிறுத்திவிட வேண்டும். பச்சையோ இளஞ்சிவப்போ தெரிந்தால் போதும். நீரோ பிசினோ கசிந்தால் எல்லையைத் தாண்டிவிட்டோம், அந்த இடத்தைக் கைவிட்டு வேறிடம் பார்க்க வேண்டும். மேகக் காடுகளின் கீனா மரத்தில் பால் கசிவது உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

மரத்துக்கு மரம் பட்டை வேறு. சவுக்கின் பட்டை பிளவுபட்டது. இரண்டு பிளவுகளுக்கு இடையிலுள்ள மேட்டில் சீவ வேண்டும். பைனின் தடித்த செதில்களை நீக்கவே நேரமாகும், கையெல்லாம் பிசினாகும். யூக்கலிப்டஸ் கிராண்டிஸ் பட்டையை நீள நீளமாக உரித்துப்போடும் மரம். இன்று சீவிய இடம் அடுத்த மாதம் தானாகவே உரிந்து, ஊசிக்கு அடியில் வெற்றிடம் உண்டாகும். அந்த மரத்தை மாதமொரு முறையாவது பார்க்க முடியாதவர் அதில் புள்ளி உணரி பொருத்தாமல் இருப்பதே மேல். ஹோர்டன் சமவெளியிலும் ஹக்கலைக்கு மேலேயும் உள்ள குட்டையான காட்டு மரங்களில் பாசி தடித்துப் படர்ந்திருக்கும். உணரியைச் சுற்றி ஒரு சாண் அளவுக்கு மட்டும் அதை நீக்கினால் போதும், மரம் முழுவதையும் மொட்டையடிக்க வேண்டியதில்லை.

சட்டத்தைத் தாங்கும் உருக்குத் தண்டுகளுக்குத் துளையிடும்போது துளைக்கும் அலகை ஒவ்வொரு மரத்துக்கும் முன்னர் மதுசாரத்தால் துடைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு மரத்தின் பூஞ்சணத்தை அடுத்த மரத்துக்கு நாமே கொண்டுபோய் ஊசி போட்டதாகிவிடும். இந்த உருக்குத் தண்டுகள் பட்டையையும் மாறிழையத்தையும் தாண்டிக் கட்டைக்குள் ஐந்து சென்ரிமீற்றராவது இறங்கியிருக்க வேண்டும். துளையைச் சுற்றி மரம் காயத்தை மூடத் தடித்து வளரும் என்பதால், ஊசியின் முனை துளைகளிலிருந்து ஐந்து முதல் பத்துச் சென்ரிமீற்றர் தள்ளி இருப்பது நல்லது. ஊசியின் அழுத்தம், அது பட்டையில் பதியாத அளவுக்கு மென்மையாகவும் காற்றில் விலகாத அளவுக்கு உறுதியாகவும் இருக்க வேண்டும். முனைக்கு அடியில் சிறிய பிளாஸ்டிக் தட்டு ஒன்றை வைத்தால் அழுத்தம் பரவும்.

வளையப் பட்டிக்கு வேலை குறைவு. தளர்ந்த செதில்களைத் தூரிகையால் நீக்கி, பட்டியைத் தண்டுக்குச் செங்குத்தாக, முறுக்கில்லாமல் சுற்றி, வில்லைப் பாதியளவு இழுத்து மாட்டினால் முடிந்தது.

பதிகருவி

ஆயத்தமாகக் கிடைக்கும் உணரிகள் தமக்குரிய பதிகருவியோடு வருகின்றன. சொந்தமாகச் செய்ய விரும்புகிறவருக்கு ஓர் எச்சரிக்கை: சாதாரண ஆர்டுயினோ என்ற சிறு கணினிப் பலகையில் மின்னழுத்தத்தை எண்ணாக்கும் 10 பிட் மாற்றி 1,024 படிகளையே தரும், 10 மில்லிமீற்றர் நகரும் மாறுதடையத்தில் ஒரு படி ஏறத்தாழ 10 மைக்ரோமீற்றர். ஒரு மரம் ஒரு நாளில் வளரும் அளவே அதுவாக இருக்கலாம். ஏ.டி.எஸ். 1115 போன்ற 16 பிட் மாற்றியைச் சேர்த்தால் ஒரு படி அரை மைக்ரோமீற்றருக்கும் குறையும். மின்கலம் தளரும்போது அளவும் தளராமல் இருக்க, மாறுதடையத்துக்குக் கொடுக்கும் மின்னழுத்தத்தையும் ஒவ்வொரு முறையும் அளந்து, விகிதத்தையே பதிவுசெய்ய வேண்டும். ஒவ்வொரு பதிவுக்கும் பத்து இருபது தடவை அளந்து சராசரியை எடுத்தால் இரைச்சல் அடங்கும். கடிகாரத்துக்கு டி.எஸ். 3231 என்ற சில்லு போதும்; அது ஆண்டுக்கு ஒரு நிமிடமளவே விலகும்.

பதினைந்து நிமிடத்துக்கு ஒரு பதிவு எனில் நாளுக்கு 96, ஆண்டுக்கு 35,040 வரிகள். சிறிய நினைவட்டைக்கு இது பொருட்டே அல்ல. முப்பது நிமிடமும் போதும். ஒரு மணித்தியாலத்தைத் தாண்டினால் விடியற்காலை உச்சத்தைத் தவறவிடுவோம்.

பொருத்துவதற்கு முன் மேசையில் வைத்து ஊசியை அளவிட்டுத் திருத்த வேண்டும். வாகனம் திருத்துபவர்கள் பயன்படுத்தும், தடிமன் பொறிக்கப்பட்ட மெல்லிய தகட்டுக் கட்டு நகரக் கடைகளில் கிடைக்கும், 0.10, 0.20, 0.50 மில்லிமீற்றர் எனத் தகடுகளை ஊசிக்கு அடியில் மாற்றி மாற்றி வைத்து, கருவியின் எண்ணைக் குறித்தால், தடிமனுக்கும் எண்ணுக்கும் இடையே நேர்கோடு கிடைக்கும். நேர்கோடு கிடைக்காவிட்டால் அந்த மாறுதடையம் வேண்டாம். மேலதிகமாக ஓர் உணரி இருந்தால், அதைக் கண்ணாடிக் கட்டியொன்றின் மேல் பொருத்தி அதே மலையில் நிழலில் வைத்துவிடலாம். அது காட்டும் ஏற்ற இறக்கம் முழுவதும் வெப்பத்தின் வேலை, மரத்தின் வேலை அல்ல. உலர்ந்த மரக்கட்டையில் வைத்தால் அதுவே ஈரத்தில் வீங்கும் என்பதால் பயனில்லை.

மலையகத்தில் மின்னணுவைக் கொல்வது குளிரல்ல, ஈரம். பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பை, கம்பி நுழையுமிடத்தில் இறப்பர் அடைப்பு, பெட்டிக்குள் நுழையுமுன் கம்பி கீழ்நோக்கித் தொங்கி வளைந்து மேலேறும்படி ஓர் அமைப்பு ஆகிய மூன்றும் இன்றியமையாதவை. பற்றுவைத்த இணைப்புகளின் மேல் நிறமற்ற நகப்பூச்சு இரண்டு தடவை பூசினால் கறல் பிடிப்பது வெகுவாகக் குறையும்; கடையில் வாங்கும்போது சற்றுச் சங்கடமாக இருந்தாலும் பலன் நிச்சயம். மரத்துக்கு மரம் நீண்ட கம்பி இழுத்து ஒரே பெட்டியில் சேர்க்கும் எண்ணத்தைக் கைவிட வேண்டும்: ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் இடிமின்னல் அந்தக் கம்பியைத் தேடிவரும்.

உடன் அளக்க வேண்டியவை

தண்டின் கோட்டை மட்டும் வைத்துக்கொண்டு அதிகம் சொல்ல முடியாது. மழை, வெப்பநிலை, சாரீரப்பதன் மூன்றும் வேண்டும். மழைக்குப் புதிய மானி வாங்குவதற்கு முன் தோட்ட அலுவலகத்தில் கேட்டுப் பார்க்கலாம்; பெரும்பாலான தோட்டங்கள் நாளாந்த மழையைப் பதிவேட்டில் எழுதிவருகின்றன, சில இடங்களில் பல தசாப்தங்களாக. 1925இல் நிறுவப்பட்டு இப்போது தலவாக்கலையில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்திலும், வளிமண்டலவியல் திணைக்களத்தின் நுவரெலியா நிலையத்திலும் நீண்ட பதிவுகள் உண்டு. ஆனால் ஒரு மலையின் மழை அடுத்த மலையில் பெய்வதில்லை என்பதால் அருகிலுள்ள பதிவேடே முதன்மையானது.

வெப்பநிலையும் சாரீரப்பதனும் சேர்ந்து, காற்று இலையிலிருந்து எவ்வளவு நீரை இழுக்கும் என்பதைச் சொல்லும். அதை நீராவி அமுக்கக் குறைபாடு என்பர். 20 பாகையில் சாரீரப்பதன் 60 சதவீதமாயின் அது ஏறத்தாழ 0.94 கிலோபஸ்கல், 15 பாகையில் 95 சதவீதமாயின் 0.09க்கும் குறைவு. முன்னையது ஜனவரியின் தெளிந்த நண்பகல், பின்னையது ஜூனின் மூடுபனி. சுவிட்சர்லாந்தில் ஏழு வகைகளைச் சேர்ந்த 170 மரங்களின் உணரிப் பதிவுகளை ஆராய்ந்து 2021இல் வெளியான ஆய்வு, இந்தக் குறைபாடு தாழ்ந்திருக்கும் இரவு நேரத்திலேயே மரங்கள் பெரும்பாலும் பருக்கின்றன என்று காட்டியது. நமது மரங்களிலும் அதே போக்கு உண்டா என்பதைப் பதினைந்து நிமிடப் பதிவு கையிலிருப்பவர் தாமே பார்த்துக்கொள்ளலாம்.

இவற்றோடு ஒரு கொப்பியும் வேண்டும். நான் கவனித்துவந்த சவுக்கு ஒன்றின் நாளாந்தச் சுருக்கம் ஒரு செவ்வாய்க்கிழமையிலிருந்து திடீரெனப் பாதியாகக் குறைந்தது. உணரி பழுதென்று எண்ணி அதைக் கழற்றி, மேசையில் சோதித்து, இரண்டு வாரத்தை இழந்தேன். பிறகுதான் கங்காணி சொன்னார், அன்று அந்த மலையில் நிழல் மரங்களின் கிளைகளைக் கழித்தார்களாம். இலை குறைந்தால் ஆவியுயிர்ப்புக் குறையும், சுருக்கமும் குறையும். உணரி உள்ளதைத்தான் சொல்லியிருந்தது. கிளை கழித்தல், தேயிலைக் கவ்வாத்து, உரமிடல், மரம் விழுதல் எல்லாவற்றையும் திகதியோடு எழுதிவைக்க வேண்டும். அதைவிட முக்கியம், மலையில் வேலை செய்பவர்களோடு பேசிக்கொண்டிருப்பது. எந்த மரத்தில் என்ன பொருத்தியிருக்கிறோம், எதற்காக என்று அவர்களுக்குச் சொல்லிவிட்டால் கருவியும் பாதுகாப்பாக இருக்கும்.

எண்களிலிருந்து வளர்ச்சியைப் பிரித்தல்

தரவை இறக்கியதும் முதல் வேலை, மரத்துக்குரியவையல்லாத தாவல்களை நீக்குவது. பதினைந்து நிமிடத்தில் கோடு அரை மில்லிமீற்றர் குதித்திருந்தால் குரங்கோ, மரங்கொத்தியோ, கொம்பைத் தேய்த்த மரையோ காரணமாக இருக்கும். எறும்புகள் சட்டத்துக்குள் கூடுகட்டி ஊசியை மெல்ல மெல்லத் தள்ளுவதும் உண்டு. தாவலுக்குப் பின்னுள்ள பகுதி முழுவதையும் தாவிய அளவால் திருத்தி, திருத்தியதைக் கொப்பியில் குறிக்க வேண்டும். மூலக் கோப்பை ஒருபோதும் மாற்றக் கூடாது. பிரதியில் மட்டுமே கை வைக்க வேண்டும்.

அடுத்து, நீரைப் பிரிப்பது. சுவிட்சர்லாந்து ஆய்வாளர் ரோமன் ஸ்வைஃபலும் அவரது சகாக்களும் 2016இல் முன்வைத்த முறை எளிமையானது: தண்டு தனது முந்தைய உச்சப் பருமனைத் தாண்டும்போது மட்டுமே அது வளர்ச்சி, உச்சத்துக்குக் கீழே இருக்கும் காலம் முழுவதும் நீர்க்குறைவு. எடுத்துக்காட்டாக, திங்கள் விடியலில் ஆரைப் பதிவு 1,250 மைக்ரோமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். பிற்பகல் இரண்டு மணிக்கு அது 1,130ஆக இறங்குகிறது. செவ்வாய் விடியலில் 1,262. உச்சம் 12 உயர்ந்திருப்பதால் அன்றைய வளர்ச்சி 12. புதன் விடியலில் 1,240 மட்டுமே. வளர்ச்சி பூச்சியம், நீர்க்குறைவு 22. வியாழன் இரவு நல்ல மழை. வெள்ளி விடியலில் 1,275. ஒரே மழையில் 35 கூடியதுபோல் தோன்றினாலும் பழைய உச்சமான 1,262ஐத் தாண்டிய 13 மட்டுமே வளர்ச்சி. எஞ்சிய 22, இழந்த நீர் திரும்பி வந்தது. திங்கள் பகலில் நிகழ்ந்த 120 மைக்ரோமீற்றர் சுருக்கம் ஒரு நாள் வளர்ச்சியைப்போல் பத்து மடங்கு என்பதையும் கவனிக்க வேண்டும். நேரம் பாராமல் நாடாவால் அளப்பவர் எதை அளக்கிறார் என்பது இதிலிருந்து விளங்கும்.

விரிதாளில் இதைச் செய்ய இரண்டே நிரல்கள் போதும்: அதுவரையான உச்சம் ஒன்று, உச்சத்துக்கும் தற்போதைய அளவுக்கும் உள்ள வேறுபாடு மற்றொன்று. முதலாவதின் மாதாந்த ஏற்றமே அந்த மாத வளர்ச்சி. இரண்டாவது மரத்தின் தாகம். இம்முறைக்கும் ஓர் எல்லை உண்டு. நீண்ட வறட்சியில் பட்டை மிகவும் சுருங்கியிருக்கும்போது உள்ளே சிறிதளவு கட்டை உருவானாலும் கணக்கில் வராது. மழை வந்து பழைய உச்சத்தைத் தாண்டும் நாளில் அதெல்லாம் சேர்ந்து ஒரே நாளின் வளர்ச்சியாகத் தோன்றும். ஆதலால் வறட்சிக்குப் பிந்திய முதல் வாரத்தின் பெரிய எண்ணை நாள் வாரியாகப் பேசாமல், வறட்சியையும் சேர்த்த முழுக் காலத்துக்குரியதாகக் கொள்வதே நேர்மை. புதிதாகப் பொருத்திய உணரிக்கும் இதே கவனம் வேண்டும்: வறண்ட நாளில் தொடங்கிய பதிவில் முந்தைய உச்சம் எதுவென்று கருவிக்குத் தெரியாது, முதல் நல்ல மழையின் வீக்கம் முழுவதையும் அது வளர்ச்சியாகவே எண்ணும். அந்த மழைவரையுள்ள பகுதியை ஒதுக்கிவிட வேண்டும்.

குளிர்நாட்டு நூல்களில் ஆண்டு வளர்ச்சிக்கு எஸ் வடிவ வளைகோடு ஒன்றைப் பொருத்துவார்கள். நமது மலைகளில் ஏப்ரலில் ஒரு வளர்ச்சியும் ஒக்டோபரில் மற்றொன்றும் இடையில் ஓய்வுமாக வரக்கூடிய மரத்துக்கு அந்த வளைகோட்டைத் திணித்தால், அது இல்லாத ஒரு பருவத்தைக் கண்டுபிடித்துக் கொடுக்கும். மாதக் கூட்டுத்தொகையை மழையோடும் நீராவி அமுக்கக் குறைபாட்டோடும் ஒரே தாளில் அருகருகே வரைந்து பார்ப்பது போதுமானது. புள்ளி உணரியின் ஆண்டு மொத்தத்தை இரண்டால் பெருக்கி, அதே மரத்தின் வளையப் பட்டி காட்டும் விட்ட ஏற்றத்தோடு ஒப்பிட வேண்டும். இரண்டும் பெரிதாக முரண்பட்டால், தண்டு எல்லாப் பக்கமும் சமமாகப் பருக்கவில்லை, அல்லது ஊசியின் இடம் சரியில்லை. நாள் கணக்குக்குப் புள்ளியையும் ஆண்டு மொத்தத்துக்கு வளையத்தையும் நம்புவது என் வழக்கம்.

பராமரிப்பு

மாதமொரு முறை சென்று, விடியலில் வளையத்தை அளந்து, தரவை இறக்கி, சிலிக்கா ஜெல்லின் நிறம் பார்த்து, எறும்பையும் பாசியையும் நீக்கி, பட்டை உரிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வர வேண்டும். மழைக் காலத்தில் அட்டைக்கடிக்குச் சவர்க்காரமோ உப்போ கொண்டுபோக மறக்கக் கூடாது. 10 மில்லிமீற்றர் வீச்சுள்ள ஊசி, இளம் யூக்கலிப்டஸில் ஓர் ஆண்டுக்குள்ளேயே வீச்சின் முடிவைத் தொட்டுவிடலாம். முடிவுக்கு ஒரு மில்லிமீற்றர் இருக்கும்போதே, வறண்ட நாளொன்றின் காலையில், சட்டத்தைப் பின்னுக்கு நகர்த்தி, நகர்த்துவதற்கு முந்தைய எண்ணையும் பிந்தைய எண்ணையும் நேரத்தோடு கொப்பியில் எழுதிவிட்டால், பின்னர் இரண்டு துண்டுகளையும் ஒரே கோடாக இணைத்துக்கொள்ளலாம். வளையப் பட்டியின் வில் முழுவதும் நீண்டுவிட்டதானால் புதிய பட்டியைப் பழையதற்குச் சற்று மேலே பொருத்தி, இரண்டையும் மூன்று மாதம் சேர்த்தே அளந்து, அதன் பிறகு பழையதைக் கழற்ற வேண்டும்.